ஒரு மண்டலத்தில் ஒரு நாவல்

ஒரு நாவலின் முதல் வரைவை ஒரு மண்டலத்தில், அதாவது 48 நாளில், எழுதி முடிக்க முடியும். வேலைக்குப் போய்க்கொண்டே எழுத நினைக்கிறவர்கள் அப்படித்தான் எழுத முயல வேண்டும். இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது இது ஒன்றைத்தான். எந்த ஊரிலும் இதைப் பேசலாம் என்றாலும் திருவள்ளூர் மாவட்டத்தில், அதுவும் கும்மிடிப்பூண்டிப் பக்கம், பேச ஒரு காரணம் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளை நினைத்தால் எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல்கடிகை’ நினைவுக்கு வருகிறது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளருக்கு டி. செல்வராஜின் ‘தோல்’ இருக்கிறது. அது 2012இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. தூத்துக்குடி உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ இருக்கிறது. அத்திப்பட்டு அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை சிப்காட் என்று லட்சக்கணக்கான கைகள் உழைக்கும் இந்த வடகோடிக்கு அப்படிச் சட்டென்று நாக்கில் வரும் நாவல் பெயர் ஒன்று இல்லை. கதைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. மேய்ச்சல் நிலம் போன ஊர்க்காரர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எட்டுப் பேர் ஒரு அறையில் தங்கியிருப்பவர்களும், ஈழத்திலிருந்து வந்து முகாமிலேயே பேரப்பிள்ளை கண்டவர்களும், தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிறவர்களும் ஒரே ரயிலில் ஏறி இறங்கும் இடம் இது.

இல்லாமல் போனது நேரம். இன்னும் சரியாகச் சொன்னால், நாவலுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமோ அந்த நம்பிக்கைதான் தடை. நாவல் என்றால் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு ஊறப்போட வேண்டும், அமைதியான அறை வேண்டும், இடையூறில்லாத காலை வேண்டும் என்று பேட்டிகளிலும் மேடைகளிலும் சொல்லிச் சொல்லி அதை ஒரு விதியாகவே ஆக்கிவிட்டோம். ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று வாரத்துக்கு வாரம் தூக்கமே இடம் மாறுகிற ஒருவருக்கு இந்த விதி என்ன சொல்கிறது? உன்னால் ஆகாது என்று சொல்கிறது. ஆலைத் தொழிலாளிக்குத் தன் நாள் தன் கையில் இல்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 21இல் தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் நிறைவேறியது. ஒரு நாள் வேலையை 12 மணி நேரம்வரை நீட்டிக்க அது வழி திறந்தது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பத்து நாளில் இந்தப் பக்கத்து வீடுகளில் எவ்வளவு கவலை புகுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த மாதம் எந்த ஷிப்ட், எவ்வளவு ஓ.டி. என்றே தெரியாதவர் பத்தாண்டுத் திட்டம் போட மாட்டார். 48 நாளைக்கு ஒரு கணக்குப் போடுவார். மருந்துக்கும் விரதத்துக்கும் மண்டலக் கணக்கு அவருக்கு ஏற்கெனவே பழக்கம்.

இந்த 48 என்ற எண்ணை நான் விரதத்திலிருந்து மட்டும் எடுக்கவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிறிய ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மின் நிலையத்தில் 1929இல் இரவு வேலை பார்த்தவர் வில்லியம் ஃபாக்னர். மாலை 6 மணிக்கு உள்ளே போனால் காலை 6 மணிக்குத்தான் வெளியே வரலாம். இரவு 11 மணி வாக்கில் ஊர் படுக்கப் போய்விடும். நீராவியின் தேவை குறைந்துவிடும். கரி தள்ளும் கைவண்டியைக் கவிழ்த்து மேசையாக்கிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் டைனமோ இரைந்துகொண்டிருக்க, 12 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே எழுதியதாக அவரே பின்னாளில் சொன்னார். அவர் கரி அள்ளினாரா, மேற்பார்வை மட்டும் பார்த்தாரா என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்களுக்கு ஐயம் உண்டு. இரவு வேலை பார்த்தார் என்பதில் ஐயம் இல்லை. ‘ஆஸ் ஐ லே டையிங்’ நாவலின் கையெழுத்துப் படி தொடங்கிய தேதி 1929 அக்டோபர் 25, நியூயார்க் பங்குச்சந்தை சரியத் தொடங்கியதற்கு மறுநாள். முடிந்த தேதி டிசம்பர் 11. அக்டோபரில் 7 நாள், நவம்பரில் 30, டிசம்பரில் 11. கூட்டினால் 48. இறந்த தாயின் சவப்பெட்டியை வண்டியிலேற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகும் ஏழைக் குடும்பத்தின் கதை அது. பதினைந்து பேர் மாறிமாறிச் சொல்கிறார்கள். மொத்தம் 59 பகுதிகள். சில பகுதிகள் இரண்டு மூன்று பக்கம், ஒன்று ஒரே ஒரு வரி. பெரும்பாலான பகுதிகள் ஓர் இரவில் உட்கார்ந்து முடிக்கக்கூடிய அளவுதான். வடிவத்தை அந்த வேலை நேரம்தான் தந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்குப் பொருந்துகிற வடிவம் அது என்பதை மறுக்க முடியாது.

ஏன் தொடர்ச்சியாக, ஏன் விரைவாக எழுத வேண்டும் என்பதற்கு இந்த ஊர்ப் பட்டறை ஒன்றையே காட்டலாம். ரோலிங் மில்லில் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய பில்லெட் என்னும் இரும்புக் கட்டை உலையிலிருந்து வெளியே வரும்போது மஞ்சளாக இருக்கிறது. முதல் உருளைகள் அதை முரட்டுத்தனமாக நசுக்கி நீட்டுகின்றன. அங்கே அழகு பார்ப்பதில்லை. குறுக்கு குறைய வேண்டும், நீளம் கூட வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வோர் உருளையாகக் கடக்கக் கடக்க மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகிறது. வீடு கட்டும் கம்பியின் மேல் நாம் பார்க்கும் வரிவரியான புடைப்பு கடைசி ஜோடி உருளையில்தான் விழுகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் பாய்ச்சி மேல்பரப்பைச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் சூடு வெளியே கசிந்து இறுகிய மேற்பரப்பைப் பக்குவப்படுத்துகிறது. டிஎம்டி கம்பியின் வலு இந்த வரிசையில் இருக்கிறது. நடுவழியில் ஆறிப்போன பில்லெட் உருளைக்குள் போகாது. மீறித் தள்ளினால் உருளை உடையும். மறுபடி உலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் மேல்பரப்பு செதிலாக உதிர்ந்து எடையும் குறையும், எரிபொருளும் செலவாகும். உவமை சான்று ஆகிவிடாது, தெரியும். ஆனாலும் நாவலை இடையில் விட்டவர்கள் எல்லோரும் அறிந்த ஒன்றை இது காட்டுகிறது. மூன்று வாரம் தொடாத கதைக்குத் திரும்பும்போது, அந்தப் பெண் எந்தக் குரலில் பேசினாள், அந்த மேஸ்திரிக்கு ஏன் கோபம் வந்தது என்று எழுதியதை எல்லாம் மறுபடி படித்துத்தான் உள்ளே போக முடிகிறது. முழுநேர எழுத்தாளர் அந்தச் செலவைத் தாங்குவார். வாரத்தில் ஆறேழு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு அந்த நேரம் முழுவதும் சூடேற்றுவதிலேயே போய்விடும். கம்பி ஒருநாளும் வெளியே வராது.

விரைவாக எழுதுவதைத் தமிழ் மரபு இழிவாக நினைத்ததில்லை. ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என்று நால்வகைப் பாவலரைச் சொல்லும்போது முதலில் வைத்ததே கேட்ட மாத்திரத்தில் பாடுகிறவரை. 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணப் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதியதை உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். உரைநடைக்கு வந்த பிறகும் நம் நாவல் பெரும்பாலும் வார இதழின் வேகத்தில்தான் வளர்ந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்தது. ‘மோகமுள்’ ‘சுதேசமித்திரன்’ வார இதழில் தொடராக வந்தது. 1969இல் ‘ராணி முத்து’ தொடங்கி மாதம் ஒரு நாவல் என்ற வழக்கம் ஊன்றியது. ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறு நாவல்களைத் தாண்டினார். நம் காலத்தில் ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை, நாவலுக்கும் நாவலுக்கும் இடையே சிறு இடைவெளி மட்டும் விட்டு, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக 26 நாவல்கள் கொண்ட ‘வெண்முரசு’ எழுதி முடித்தார். இவ்வளவுக்குப் பிறகும் வேகமாக எழுதினேன் என்று ஒருவர் சொன்னால் நாம் முகம் சுளிக்கிறோம். அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது.

தொடர்கதையில் எழுதியது அப்படியே அச்சுக்குப் போனது. பத்தாவது வாரத்தில் நாயகனின் தம்பிக்கு ஒரு பெயர் வைத்தாயிற்று என்றால் ஐம்பதாவது வாரத்தில் வேறு பெயர் வேண்டும் என்று தோன்றினாலும் மாற்ற முடியாது, ஊரே படித்துவிட்டது. ரயில் நிலையக் கடையில் தொங்கும் மாத நாவலுக்கும் அப்படித்தான், முதல் வரைவே கடைசி வரைவு. வேகம் என்றால் கவனக்குறைவு என்ற எண்ணம் நமக்கு இங்கிருந்துதான் வந்தது. வேகமாக எழுதுவது ஒன்று, எழுதியதை வேகமாக அச்சிடுவது வேறொன்று. நம் இலக்கியத்துக்கு நேர்ந்த கெடுதலில் பெரும்பங்கு இரண்டாவதால் வந்தது. இன்றும் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்துவிட வேண்டும் என்று அக்டோபரில் முடித்த நாவலை டிசம்பரில் அச்சேற்றுகிறோம். பத்தாண்டு யோசித்து எழுதியதும் அந்த அவசரத்தில் பிழையோடு வருகிறது. ஆகவே தரம் கெடும் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. 48 நாளில் எழுதியதை 60ஆம் நாள் புத்தகமாக்குவேன் என்று ஒருவர் கிளம்பினால் நானும் தடுப்பேன். ஃபாக்னர்கூட ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். கையெழுத்துப் படியையும் தட்டச்சுப் படியையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள் அவர் மாற்றியதைக் கண்டார்கள். தட்டச்சுப் படியின் தேதி 1930 ஜனவரி 12. அதாவது முடித்த பிறகு ஒரு மாதம் அதே நாவலோடு இருந்திருக்கிறார்.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘சூதாடி’ இதற்கு வேறொரு பக்கம். ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 1865இல் அவர் கடன்பட்டுக் கையெழுத்திட்டிருந்தார். 1866 நவம்பர் 1க்குள் ஒரு புதிய நாவல் தராவிட்டால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் பைசா தராமல் அச்சிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். அக்டோபரில் அன்னா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு 26 நாளில் சொல்லி முடித்தார். வஞ்சகமான ஒப்பந்தம் அது. அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் வாயால் சொல்லி எழுதவைத்தார் என்பதைக் கவனியுங்கள். இன்று கையிலுள்ள ஃபோனில் தமிழில் பேசினால் அது எழுத்தாகிறது. கவரைப்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரும் ஒரு மணி நேரத்துக்கு மேலான பயணத்தில் ஒருவர் ஃபோனைக் காதருகே வைத்து ஒரு அத்தியாயம் சொல்லிவிடலாம். கையால் எழுதினால் கூச்சம் வந்து ‘சென்றான், கூறினான்’ என்று ஏட்டுத் தமிழ் புகுந்துகொள்கிறது. பேச்சின் வேகத்தில் அது புகுவதற்கு நேரம் இருக்காது. முதல் நாவல் எழுதுகிறவர்கள் மெதுவாக எழுதும்போது சொந்த வாய்ப்பேச்சைத் திருத்தித் திருத்திப் பள்ளிக்கூடக் கட்டுரையாக ஆக்கிவிடும் ஆபத்து பெரிது. உலைமுன் நிற்பவர் ஹிந்திக்காரப் பையனிடம் பேசும் அரைகுறை ஹிந்தி, ஆரம்பாக்கத்துத் தெலுங்கு, சூப்பர்வைசரிடம் பேசும் பணிவுத் தமிழ் மூன்றும் ஒருவர் நாக்கிலேயே இருக்கின்றன. அவை தாளில் விழுந்தாக வேண்டும். திருத்தம் அதற்குப் பிறகு.

ஆராய்ச்சியும் அனுபவமும் இல்லாமல் விரைந்து எழுதினால் மேலோட்டமாகத்தானே இருக்கும் என்பது அடுத்த கேள்வி. கஸூவோ இஷிகுரோ ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’யின் முதல் வரைவை 1987இல் நான்கு வாரத்தில் எழுதினார். திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு பத்தரை வரை. ஆனால் அதற்கு முன்பே பிரிட்டிஷ் வேலைக்காரர்கள் பற்றியும் அக்கால அரசியல் பற்றியும் நிறையப் படித்து வைத்திருந்தார். தயாரிப்பு நீண்டது, எழுத்து குறுகியது. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளரோடு பழகி, அவர்கள் காலில் உப்பு அரித்த புண்ணைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். பதினைந்து வருடம் ஃபர்னஸில் நின்றவருக்கு அந்தக் களப்பணி முடிந்து நெடுநாள் ஆகிவிட்டது. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்த கண்மணி குணசேகரன் அந்தப் பணிமனை வாழ்க்கையையே ‘நெடுஞ்சாலை’யாக எழுதினார். ஸ்பேனர் பிடித்த கை எழுதினால் எது கிடைக்கும் என்பதற்கு அது சான்று. வெளியிலிருந்து வரும் எழுத்தாளருக்கு வேண்டிய ஐந்து ஆண்டு உள்ளே இருப்பவருக்கு வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆலையில் ஏற்கெனவே நாளுக்கு இவ்வளவு டன் என்று இலக்கு வைத்து ஆளைப் பிழிகிறார்கள். ஓய்வு நேரத்திலும் நாளுக்கு இவ்வளவு பக்கம் என்று இன்னொரு இலக்கை ஏற்றுவது கொடுமை இல்லையா? இதற்கு என்னிடம் முழு விடை இல்லை, பாதி விடை இருக்கிறது. அமெரிக்காவில் 1999 ஜூலையில் கிறிஸ் பேட்டி என்பவர் 21 பேரோடு தொடங்கிய ‘நானோரைமோ’ என்ற நாவல் மாதம், பிறகு நவம்பருக்கு மாறி, 30 நாளில் 50,000 சொல் என்ற இலக்கோடு லட்சக்கணக்கானவர்களை எழுதவைத்தது. அதன் வலு இலக்கில் மட்டும் இல்லை, கூட எழுதுகிறவர்கள் இருந்ததில் இருந்தது. 2024இல் செயற்கை அறிவை எழுத்துக்குப் பயன்படுத்துவதைக் கண்டிக்க மாட்டோம் என்று அந்த அமைப்பு அறிவித்தபோது எழுத்தாளர்கள் பலர் விலகினார்கள். 2025 மார்ச்சில் அமைப்பே மூடப்படுவதாக அறிவித்தது. எண்ணிக்கை மட்டுமே குறி என்றால் இயந்திரம் ஒரு நிமிடத்தில் 50,000 சொல் கொட்டிவிடும். இந்த 48 நாளில் உருவாக வேண்டியது எழுதுகிறவரின் மனத்தில் தன் வாழ்க்கையின் வரிசை. அதை இன்னொருவரோ இன்னொன்றோ செய்து தர முடியாது. முதலாளி வைத்த இலக்கின் விளைச்சல் லாரி ஏறிப் போய்விடுகிறது. இதன் விளைச்சல் நோட்டாக வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாகப் பார்க்க நான் மறுக்கிறேன். ஆனால் உடம்பு களைத்திருக்கிறது என்ற உண்மை அப்படியேதான் இருக்கிறது. இஷிகுரோவின் அந்த நான்கு வாரமும் அவர் பங்குச் சமையலையும் வீட்டு வேலையையும் மனைவி லோர்னா செய்தார் என்பதை அவரே சொல்லியிருக்கிறார். கம்பெனி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிற பெண்ணுக்கு அந்த நான்கு வாரத்தை யார் தருவார்? ஒரு மண்டலத்துக்கு அடுப்பைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆண் முன்வரவில்லை என்றால் என் வாதம் ஆண்களுக்கு மட்டுமான வாதமாகச் சுருங்கிவிடும். மாலை போட்டவருக்காக வீடு முழுக்கத் தன் சமையலையும் தூக்கத்தையும் மாற்றிக்கொள்கிற ஊர் இது. எழுதுகிறவளுக்காகவும் மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 50,000 என்ற எண் ஆங்கிலத்துக்கு. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காக’ என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்வதற்கு அங்கே நான்கைந்து சொல் வேண்டும். அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கிவந்தால் ஆளைக் கொல்லும். நீள நோட்டில் பக்கத்துக்கு 25 வரி, வரிக்கு 6 சொல் என்றால் 150 சொல். நாளுக்கு நான்கு பக்கம், 600 சொல். 48 நாளில் 28,800 சொல். தமிழில் அது அச்சில் 150 பக்கத்தைத் தொடும் நாவல். நைட் ஷிப்ட் வாரத்தில் நான்கு இரண்டாகக் குறையும், விடுமுறை நாளில் ஆறாகக் கூடும். அதற்கு இடம் இருக்கட்டும். முந்தின நாள் எழுதியதில் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தொடர வேண்டும், பழைய பக்கங்களுக்குப் போய்த் திருத்தக் கூடாது. பெயர் மாற வேண்டும் என்று தோன்றினால் ஓரத்தில் குறித்துவிட்டு அந்த நிமிடத்திலிருந்து புதுப் பெயரில் எழுதிக்கொண்டு போகலாம்.

முடித்த நோட்டை மூன்று மாதம் தொடாமல் வைக்க வேண்டும். மில்லில் வெந்த கம்பியைக் கட்டுக் கட்டுவதற்கு முன் பரப்பி ஆறவிடும் தளம் இருக்கிறதே, அதுபோல. பிறகு திருத்தம், அதற்கு ஓர் ஆண்டு ஆனாலும் ஆகட்டும். திருத்தத்தை விட்டு விட்டுச் செய்யலாம், அது ஆறின இரும்பிலும் நடக்கும் வேலை. இங்கேதான் இலக்கிய அறக்கட்டளைகளிடம் ஒரு வேண்டுகோள். நாம் அச்சான புத்தகத்துக்குப் பரிசு தருகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அச்சுக்கு முந்தின கட்டத்தில் எழுதியவர் தனியாக நிற்கிறார். ஆண்டுக்கு ஒரு பரிசுத் தொகையை எடுத்து, இந்தப் பகுதித் தொழிலாளர் நான்கு பேருடைய நோட்டுகளைத் தட்டச்சு செய்து தரவும், நாவல் படித்துப் பழகிய ஒருவர் முழுவதும் படித்து எழுதியவரோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசவும் செலவிடலாம். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு அறை, நான்கு நாற்காலி, மின்விசிறி போதும். செகண்ட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்காக இரவு பத்தரைக்குப் பிறகும் அது திறந்திருக்க வேண்டும்.